ஆள் இல்லை என்று எழுதிய வீடு

சொந்த அக்காள் தங்கையிடம்கூடக் கேட்கக் கூசுகிற கேள்விகளை, முன்பின் தெரியாத பெண்களிடம் பேனாவும் கையுமாகப் போய்க் கேட்டுவிட்டு வருவதற்குச் சமூக ஆய்வு என்று பெயர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். என்னைப் போல் வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைத்தவர்களும், மாதத்தில் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் நின்றபடியே வேலைக்குப் போனவர்களும் இதைப் படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கோபம் இல்லை.

நான் சொல்லப்போவது ஒரே ஓர் ஆய்வைப் பற்றி. கருப்பைக்குள் வளரவேண்டிய சதை, வெளியே ஒட்டிக்கொண்டு வளர்ந்து, மாதந்தோறும் அங்கேயும் இரத்தம் கசிந்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிற ஒரு நோய் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் என்பார்கள். இன்றைக்குப் பத்திரிகையில் வருகிறது. அன்றைக்கு எங்கள் குழுவிலேயே பாதிப்பேருக்கு வாயில் நுழையாமல், ‘அந்த நீளப் பெயர்’ என்றுதான் சொல்லிக்கொண்டோம். அந்த வலியோடு பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள், எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். ஒரு மருத்துவமனைக்கு வயிற்றுவலி என்று வந்துபோன பெண்களின் பட்டியலை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். அதில் தமிழ்ப் பெண்கள் என் பொறுப்பு.

படிவம் நீல அட்டை போட்டது, பதினான்கு பக்கம். எங்கள் தலைவி திருமதி வோங் மூன்று விதிகள் வைத்திருந்தார். பெண்ணைத் தனியாகப் பார்த்துக் கேட்கவேண்டும். நம் சொந்தக் கதையைச் சொல்லக்கூடாது. மூன்று முறை போயும் கதவு திறக்கவில்லை என்றால் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டு, பட்டியலில் அடுத்த பெயரை எடுத்துக்கொள்ளவேண்டும். படிவம் நிரப்பியவர்களில் வலி மிகுந்தவர்களை, தொப்புளருகே சிறு துளை போட்டுக் குழாய் விட்டு உள்ளே பார்க்க ஒரு நிபுணர் சம்மதித்திருந்தார். படிவம் இல்லாதவர்களுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் மேராவில் ஒரு மாமியார்

முதல் வீடு புக்கிட் மேராவில், ஏழாம் மாடி. அந்தக் காலத்து லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தில் இறக்கிவிட்டது, மீதியை ஏறினேன். கதவைத் திறந்தவர் மாமியார். மருமகளோடு தனியாகப் பேசவேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுக்காரியா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்சூரன்ஸா? இல்லை. பைபிள் கொடுக்க வந்தவளா? அதுவும் இல்லை. நீலப் படிவத்தைக் காட்டி, எனக்குத் தெரிந்த மரியாதையான சொற்களையெல்லாம் கோத்து விஷயத்தைச் சொன்னேன். மருமகள் சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் கதவை அகலத் திறந்துவிட்டார். பிறகு ஒரு நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு, புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். “வயித்துவலிக்கெல்லாம் ஆளு அனுப்புறாங்கன்னா, என் முட்டிக்கு எப்ப வருவீங்க?”

பூக்கடையில் பதினான்கு பக்கம்

அந்த முட்டிக்காக நான் அரைமணி நேரம் செலவழித்தேன். அதன் பிறகுதான் மருமகளோடு துணி காயப்போடப் பின்பக்கம் போக அனுமதி கிடைத்தது. மூங்கில் கம்பில் ஈரத்துணியைக் கோத்துக்கொண்டே அவள் பதில் சொன்னாள். சட்டைகள் தீர்ந்ததும் பதில்களும் தீர்ந்துவிட்டன. தனியாகப் பேசவேண்டும் என்ற விதியை எழுதியவர், ஆறு பேர் இருக்கும் இரண்டறை வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. சந்தையிலும் மாடிப்படியிலும் கோயில் பின்வாசலிலும் அமர்ந்து படிவம் நிரப்ப நான் கற்றுக்கொண்டேன்.

தேக்கா சந்தையில் காமாட்சி என்று ஒரு பூக்காரி. அவளைத் தனியாகப் பார்ப்பது என்றால் கடையிலேதான். அந்தரங்கமான கேள்வி வரும்போதெல்லாம் சரியாக யாராவது இரண்டு முழம் கேட்டு வந்து நிற்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே அளந்து கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பதில் சொல்வாள். விலக்கு நாட்களில் சாமிக்குப் பூ தொடக்கூடாது என்று அவள் வீட்டு வழக்கம். ஆனால் கடையில் அவள் ஒருத்திதான். படிவத்தில் ‘அந்த நாட்களில் நீங்கள் எந்த வேலைகளைத் தவிர்க்கிறீர்கள்’ என்று ஒரு கேள்வி இருந்தது. எதையும் தவிர்ப்பதில்லை என்றாள். கோயில் மாலையுமா என்று நானாகக் கேட்டேன்; கேட்டிருக்கக் கூடாது. அவள் நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “சாமி கேக்கல, நானும் சொல்லல.”

பூன் லே, மூன்று முறை

எங்கள் சுற்று முறை இப்படி. முதல் வாரம் புக்கிட் மேரா, இரண்டாம் வாரம் சிராங்கூன் சாலைப் பக்கம், மூன்றாம் வாரம் தோ பாயோ, நான்காம் வாரம் பூன் லே. அருகில் இருக்கும் வீடுகளில் ‘அடுத்த வாரம் வாங்க’ என்றால் ஒரு மாலைநேரம் போய்விடுவேன். பூன் லே மட்டும் தூரம். நகரத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். முறை வரும்போதுதான் போகமுடியும்.

அங்கே ஒரு பெயர், சரோஜா. இருபத்தெட்டு வயது, திருமணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. மின்னணுத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நுண்நோக்கியில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பிகளை ஒட்டுகிற வேலை. இதெல்லாம் பட்டியலோடு வந்த மருத்துவமனைக் குறிப்பில் இருந்தவை. முதல்முறை தட்டினேன், கதவு திறக்கவில்லை. வாசலில் ஒரு ஜோடி பெண் செருப்பு இருந்தது. நான்கு வாரம் கழித்துப் போனேன். அதே செருப்பு, அதே மூடிய கதவு. உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, தூங்குபவளை எழுப்ப மனமில்லாமல் மெதுவாகவே தட்டினேன்.

மூன்றாம் முறை பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் வெளியே வந்தார். ரொகாயா என்று பெயர். சரோஜா வீட்டில் இருக்கிறாளா என்று என் அரைகுறை மலாயில் கேட்டேன். அவர் சொன்னது முழுக்கப் புரியவில்லை. தலையாட்டி, நன்றி சொல்லி, காரிடார் சுவரில் தாளை வைத்து ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் பேருந்து பிடித்தேன். பிற்பாடு யோசித்து யோசித்து அவர் சொன்னதைத் தமிழில் கூட்டிப் பார்த்தேன். அது இவ்வளவுதான்: “நல்ல பொண்ணு அவ, கூப்பிட்டா வருவா; வரலைன்னா வரமுடியலைன்னுதான் இருக்கும்.”

மேரியின் சந்தேகம்

அலுவலகத்தில் மேரி என்று ஒருத்தி இருந்தாள். நாங்கள் கொண்டுவரும் பதில்களை எண்களாக மாற்றி எழுதுவது அவள் வேலை. ஞாயிறு தேவாலயப் பாடற்குழுவில் பாடுகிறவள். அலுவலகத்திலும் அவள் குரல்தான் உயரத்தில் இருக்கும். நான் ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றே கூப்பிடுவாள். காமாட்சியின் படிவத்தில் மல்லிகை வாசனை ஏறியிருந்ததால் அதை மட்டும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் தொடுவாள்.

குழுவிலேயே அதிகப் படிவம் நிரப்பிக் கொண்டுவந்தவள் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் பெண்கள் விலக்கு நாளில் ஒரு வேற்றாளை எதிரே உட்காரவைத்துப் பேசமாட்டார்கள். கதவை ஒரு சாண் திறந்து, முகத்தை மட்டும் காட்டி, ‘இப்ப வேணாம், அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். எனக்குச் சொல்லாமலே புரியும். மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுவேன். அடுத்த வாரம் போனால் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, கோப்பியும் ரொட்டியும் வைத்து வரவேற்பார்கள். எங்கள் குழுவின் சீனத்தோழியும் மலாய்த்தோழியும் கதவிடுக்கிலேயே நின்று பதிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் அவர்களைவிட நாகரிகமானவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மேரி என் படிவக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘இன்று வலி எவ்வளவு’ என்ற கேள்விக்கு வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. ‘வலியால் வேலைகள் தடைப்படுகின்றனவா’ என்ற கேள்விக்கு, அதெல்லாம் ஒன்றுமில்லை, சமாளிச்சுக்குவேன். கட்டு முழுக்க அப்படித்தான். அவள் அதை என் மேசையில் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். “டீச்சர், சீனப் பொம்பளைங்க துடிக்குறாங்க, மலாய்க்காரப் பொம்பளைங்க துடிக்குறாங்க, நம்ம பொம்பளைங்களுக்கு மட்டும் கடவுள் வயிறே வைக்கலையா லா?”

நகைக்கடைக் காலண்டர்

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. மருத்துவமனைக் குறிப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கடைசி விலக்குத் தேதி எழுதியிருப்பார்கள். மேரியின் சுவரில் தொங்கிய நகைக்கடைக் காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்து, நான் போன நாட்களையும் அவர்களுடைய நாட்களையும் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். நிரப்பிய படிவங்கள் எல்லாம் வலி இல்லாத நாளில் நிரப்பியவை. வலியில் இருந்த நாளில் வலியைக் கேட்காமல், அது போனபிறகு போய், நேற்று வந்த விருந்தாளியைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரித்திருக்கிறேன்.

பிறகு ‘ஆள் இல்லை’ கட்டை எடுத்தேன். மேலே இருந்தது சரோஜா. அவளுக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, தவறாமல் வரும் என்று குறிப்பில் இருந்தது. எனக்குப் பூன் லே முறையும் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறைதான். நான் போன மூன்று நாட்களின் புள்ளிகளும் அவளுடைய நாட்களின் புள்ளிகள்மேலேயே விழுந்தன. மற்ற நாட்களில் போயிருந்தால் அவள் வேலைக்குப் போயிருப்பாள். வீட்டில் இருந்த நாட்களில்தான் நான் போயிருக்கிறேன். எழுந்து வர முடியாததால்தான் அவள் அன்றைக்கு வீட்டில் இருந்திருக்கிறாள்.

திருமதி வோங்கிடம் காலண்டரையே எடுத்துக்கொண்டு போனேன். நிபுணருக்கு அனுப்பும் பட்டியல் மாதக்கடைசியில் மூடப்படுகிறது. சரோஜாவுக்குப் பதில் வேறொரு பெயர் எடுத்தாயிற்று. விதி விதிதான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். நான் காலண்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார்: “அப்படியானால் கதவு வரை நடக்க முடிந்தவர்களை மட்டும்தான் நாம் கேட்டிருக்கிறோம்.”

நான்காம் முறை

அவர் நான்காம் முறைக்குக் கையெழுத்துப் போட்டார். சரோஜாவின் அடுத்த நாள் மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது வந்தது. காலை எட்டரைக்கெல்லாம் பூன் லேயில் இருந்தேன். அதே செருப்பு. இந்த முறை மெதுவாகத் தட்டவில்லை. காரிடார் பக்கத்துக் கண்ணாடிச் சன்னலின் பலகையொன்றைத் திருப்பி, இடுக்கில் வாயை வைத்து, சரோஜா, அவசரமில்லை, நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். ரொகாயா அம்மாள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

கால்மணி நேரம் இருக்கும். உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. தாழ்ப்பாள் கீழேயிருந்து தள்ளப்பட்டு, கதவு கொஞ்சம் திறந்தது. இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் பக்கவாட்டில் கிடந்தாள். வயிற்றோடு ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. கிராதிப் பூட்டின் சாவி அலமாரிக்கு மேலே இருந்ததால் அவளால் எடுக்கமுடியவில்லை. கம்பிக்குள் கையை விட்டு அவள் தோளைத் தொட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். “மூணு தடவ வந்தது நீங்கதானாக்கா? ஒவ்வொரு தடவையும் கதவுகிட்ட வரப் பார்த்தேன். நீங்க சீக்கிரம் போயிட்டீங்க.”

கம்பிக்கு வெளியே

கிராதி பூட்டியபடியே இருந்தது. நான் வெளியே, அவள் உள்ளே. அவளைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்ற விதி என் ஆயுளில் இவ்வளவு சுத்தமாக நிறைவேறியதில்லை. பதினான்கு பக்கத்துக்கு நடுப்பகல் வரை ஆயிற்று. வலி எழும்போது அவள் கையைத் தூக்குவாள். நான் பேனாவை நிறுத்துவேன். ரொகாயா அம்மாள் கண்ணாடிப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் கம்பி இடுக்கில் கொடுத்தார்.

மெல்ல மெல்லக் கதை வந்தது. தொழிற்சாலை நர்ஸ், மாதாமாதம் ஒரே கணக்கில் வருகிற நோய் உலகத்திலேயே கிடையாது, இது விடுப்புக்குப் போடுகிற நாடகம் என்று எழுதியிருந்தார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போகும். பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார், பிள்ளையும் பிறக்கவில்லை. கணவன் சந்திரன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் எதை நம்புவது என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தான். அவளுக்கு மருந்துகூட வேண்டாம். எல்லாரிடமும் காட்ட அதற்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்றாள்.

கடைசிப் பக்கம் வந்தபோது, வலி தணிந்த ஓர் இடைவெளியில், உங்களுக்கு இதெல்லாம் கிடையாதாக்கா என்று கேட்டாள். சொந்தக் கதை சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் விதியை எழுதியவர் அந்தக் காரிடாரில் உட்கார்ந்திருக்கவில்லை. இருந்தது என்றேன். மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்க வெட்கப்பட்டுத்தான் ஆசிரியர் வேலையை விட்டேன் என்றேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தாயாரிடம்கூடக் குரல் கட்டிப்போகிறது என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் கம்பியில் நெற்றியை வைத்து என்னைப் பார்த்தாள். “அப்ப உங்க ஃபார்ம யாரு எழுதுனாங்கக்கா?”

பேருந்தில் ஒரு பாடம்

அவள் பெயர் பட்டியல் மூடுவதற்கு முந்தைய நாள் ஏறியது. நிபுணர் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு வாரம் கழித்து முடிவைச் சொன்ன அன்று நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். ஒரு படம் வரைந்து காட்டினார். சூலகமும் குடலும் கருப்பையின் பின்புறமும் ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன. பல வருடமாக வளர்ந்திருக்கவேண்டும். வலி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்றார். நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். சரோஜா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் படத்தை, கல்யாணப் புகைப்படத்தைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரன் எழுந்து சன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுவிட்டான்.

திரும்பும்போது பேருந்தில் நாங்கள் மூன்று பேரும் கடைசி இருக்கையில். நோயின் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரும்படி சரோஜா கேட்டாள். என் பேருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். சீட்டு போதாமல் இரண்டு வரியாயிற்று. நர்ஸ் கேட்டால் தடுமாறக்கூடாது என்று பூன் லே வரைக்கும் அவள் அதை மனப்பாடம் செய்தாள். எண்டோ, மெட்ரி, யோசிஸ். முன்னால் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒருமுறை அவள் நடுவில் திக்கி நின்றபோது, அதுவரை வாய் திறக்காத சந்திரன் சன்னலைப் பார்த்தபடியே மீதியை எடுத்துக்கொடுத்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காது சிவந்துவிட்டது. “அம்மாகிட்ட நான்தானே சொல்லணும்? அதான் நானும் படிச்சுக்கிட்டேன்.”

ஒரு வருடம் கழித்து

அந்தக் காலண்டருக்குப் பிறகு திருமதி வோங் சுற்று முறையையே கலைத்துவிட்டார். ‘ஆள் இல்லை’ கட்டில் இருந்த வீடுகளுக்கெல்லாம் நாள் கணக்கிட்டு மறுபடி போனோம். பெரும்பாலான வீடுகளில் ஆள் இருந்தது. காமாட்சியைக்கூட அவளுடைய நாளில் போய்ப் பார்த்தேன். பூக்கூடைகளுக்குப் பின்னால் சாக்கை விரித்துச் சுருண்டு கிடந்தவள், படுத்தபடியே பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆய்வின் முடிவில் எல்லாரையும் ஒருமுறை திரும்பக் கேட்கவேண்டும். சரோஜா வீட்டுக்கு நல்ல நாள் ஒன்றிலும் வலி நாள் ஒன்றிலும் போனேன். இடையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சில மாதம் நன்றாக இருந்து, பிறகு வலி திரும்பிவிட்டது. பிள்ளை உண்டாகவில்லை. மருத்துவரின் கடிதத்தைப் பார்த்துத் தொழிற்சாலையில் மூன்றாவது எச்சரிக்கையை நிறுத்திவைத்தார்கள், வேலை நிலைத்தது. மாமியார் வாரம் ஒருமுறை ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிள்ளைப் பேச்சை எடுக்காமல் போகிறாராம்.

வலி நாளில் நான் போனபோது அவள் பாயில் படுத்திருந்தாள். சந்திரன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர்ப் பாட்டிலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். அவனை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்விகளைப் படித்தேன். கடந்த மாதம் வேலைக்குப் போகாத நாட்கள்? இரண்டு. அதற்கு முந்தைய மாதம்? இரண்டு. போன வருடத்தைவிட வலி குறைந்திருக்கிறதா? இல்லை. இத்தனைக்கும் பிறகு அதே எண்கள். கடைசிக் கேள்வியைக் கேட்காமலே மூடிவிடலாமா என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்: அப்படியானால் உங்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறியிருக்கிறதா?

அவள் கண்ணை மூடி ஒரு வலியைக் கடந்துவிட்டு, கையை நீட்டிச் சந்திரனிடமிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். “வலி அப்படியேதான்க்கா இருக்கு. ஆனா இப்ப வலி மட்டும்தான் இருக்கு.”

அந்தப் பதிலுக்குப் பொருத்தமான எண் படிவத்தில் இல்லாததால் மேரி கடைசிவரை அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டாள். கதவு தட்டுவதற்குச் சம்பளம் கொடுத்தவர்களும் வாசலில் காத்திருப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சொல்லவில்லை; காத்திருக்க மட்டும் நான் என் சொந்த நேரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.